அறுநூறு கிலோமீட்டருக்குப் பிறகு

நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணங்களில் 'ப்ரெவே' எனப்படும் முறை, பந்தயத்திலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. இதில் முதலிடம், இரண்டாமிடம் என்ற வரிசை கிடையாது. குறித்த தொலைவைக் குறித்த நேரத்திற்குள், உணவையும் பழுதுபார்ப்பையும் தாமே கவனித்துக்கொண்டு ஓட்டி முடிக்கும் அனைவரும் வெற்றி பெற்றவர்களே. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி என்று வரம்புகள் வகுக்கப்பட்டுள்ளன. நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடியும் ஒரே பருவத்திற்குள் இந்த நான்கையும் முடித்தவர் 'சூப்பர் ரான்டனர்' என்று அழைக்கப்படுகிறார். இம்முறையின் தலைமை அமைப்பு பிரான்சின் ஒடாக்ஸ் கிளப் பாரிசியன். இந்தியாவில் அதன் சார்பில் ஒடாக்ஸ் இந்தியா ரான்டனர்ஸ் இப்பயணங்களை நெறிப்படுத்துகிறது. சென்னை, கோவை போன்ற நகரங்களில் 'பி.ஆர்.எம்.' என்ற சுருக்கப் பெயரால் வழங்கும் இந்தப் பயணங்கள் கொல்கத்தாவிலும் வேரூன்றியிருக்கின்றன.

இத்தகைய பயணத்திற்கு ஆயத்தமாவது எப்படி என்று சொல்லித்தர நூல்களும் பயிற்றுநர்களும் நண்பர்களும் ஏராளம். பயணம் முடிந்த பின் என்ன செய்வது என்று சொல்வோர் மிகக் குறைவு. மாதக்கணக்கில் விடியுமுன் எழுந்து பழகியவர், 600 கிலோமீட்டரை முடித்த மூன்றாம் வாரத்தில் மிதிவண்டியைத் தொடவே மனமின்றி இருப்பதும், சுவரோரம் சாய்த்து வைத்த வண்டியைப் பார்க்கும்போது ஒருவிதக் குற்ற உணர்வு கொள்வதும், அதை யாரிடமும் சொல்லக் கூசுவதும் இத்துறையில் பழகியவர்கள் நன்கறிந்தவை. வெற்றி பெற்றவன் சோர்ந்திருக்கக் கூடாது என்ற பொதுவான எண்ணம் இந்தக் கூச்சத்தை மேலும் வளர்க்கிறது. ஆனால் இந்தச் சோர்வு சோம்பலின் அடையாளமும் அன்று, மனவுறுதிக் குறைவும் அன்று. ஒரே இலக்கைச் சுற்றி வாழ்க்கையை அமைத்துக்கொண்டவருக்கு அந்த இலக்கு கைகூடியதும் நேர்வது இது, அதற்குரிய காரணங்களும் ஓரளவு தெளிவாகவே அறியப்பட்டுள்ளன.

முதற்காரணம் இலக்கு என்பதன் இயல்பிலேயே உள்ளது. அமெரிக்க உளவியலாளர் கிளார்க் ஹல், 1930களில் எலிகளை நேரான ஓடுபாதையில் உணவை நோக்கி ஓடவிட்டு, உணவை நெருங்க நெருங்க அவற்றின் வேகம் கூடுவதைப் பதிவு செய்தார். இலக்கின் ஈர்ப்பு அண்மையில்தான் மிகுகிறது என்ற இக்கருத்து பின்னர் மனிதர்களிடமும் சோதிக்கப்பட்டு, பெருமளவு சரியென்று கண்டறியப்பட்டது. இதன் மறுபக்கத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்: கடைசி ஐம்பது கிலோமீட்டரில் உச்சத்தைத் தொடும் அந்த ஈர்ப்பு, முடிவிடத்தைத் தொட்ட கணத்தில் படிப்படியாகக் குறைவதில்லை, முற்றாக நின்றுவிடுகிறது. வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளைக் கொண்டு செய்த ஆய்வுகளும் இதற்கு ஒளி தருகின்றன. பழச்சாறு வரப்போவதை ஒரு விளக்கு முன்னறிவிக்கும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பின், அதன் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் விளக்கு எரியும்போது கிளர்ந்தனவேயன்றி, எதிர்பார்த்த சாறு வாயில் விழுந்தபோது கிளரவில்லை. குரங்கின் நரம்பணுவிலிருந்து மனித மனத்திற்கு ஒரே தாவலில் சென்றுவிட முடியாதுதான். எனினும் எதிர்பார்ப்பே இயக்குகிறது, பெற்றது அவ்வளவாக இயக்குவதில்லை என்ற உண்மை, பதக்கத்தைக் கையில் வாங்கியவரின் வெறுமையை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவுகிறது.

ப்ரெவே முறையில் இதைக் கூர்மையாக்கும் நடைமுறை ஒன்றும் உண்டு. ஓட்டுபவர் கையில் மடித்த அட்டை ஒன்று இருக்கும். ஒவ்வொரு கட்டுப்பாட்டு நிலையத்திலும் அதில் நேரம் எழுதி முத்திரையிடுவார்கள். வியர்வையிலும் மழையிலும் நனையாதிருக்க நெகிழி உறையில் வைத்து, இரவு முழுவதும் உயிரைப் போல் காத்த அந்த அட்டையை முடிவிடத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். பிரான்சின் தலைமை அமைப்பு முடிவுகளைச் சரிபார்த்து ஏற்ற பின்னரே அவை அதிகாரபூர்வமாகும், அதற்கு மாதங்கள்கூட ஆகலாம். அங்கீகாரம் வந்து சேரும்போது அதை எதிர்பார்த்திருந்த மனநிலை மறைந்துபோயிருக்கும்.

கொல்கத்தாவில் இந்தச் சிக்கலுடன் வானிலையும் சேர்ந்துகொள்கிறது. வங்காளத்தில் நெடுந்தொலைவு ஓட்டுவதற்கு இதமான காலம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான். டிசம்பர், ஜனவரி விடியல்களில் நெடுஞ்சாலைகளில் மூடுபனி இறங்குமெனினும் உடல் தளராது. ஆகவே 600 கிலோமீட்டர் போன்ற பெரும் பயணத்தைக் குளிர்காலத்தின் இறுதியில் முடிப்பவருக்கு, இலக்கு மறைவதும் ஓட்டத்தக்க பருவம் மறைவதும் ஏறக்குறைய ஒரே வேளையில் நேர்கின்றன. மார்ச் பிற்பகுதியில் வெயில் ஏறுகிறது; ஏப்ரல், மே மாதங்களில் 'கால்பைசாகி' என்று வங்காளிகள் சொல்லும் திடீர் இடிப்புயல் மாலைகளில் வீசுகிறது; காற்றின் ஈரப்பதம் வியர்வையை உலரவிடாததால் உடல் வெப்பம் தணிவதில்லை; ஜூனில் மழை தொடங்கி அக்டோபர் வரை நீள்கிறது. இந்த மாதங்களில் வண்டி எடுக்க மனம் வராதவர், அதைத் தம் ஆர்வத்தின் மரணம் என்று எண்ணிக்கொள்வது பிழையான கணிப்பு. அதில் பாதி வானிலையின் வேலை.

மனத்தைப் பற்றிப் பேசுமுன் உடலையும் கருத வேண்டும், ஏனெனில் ஊக்கமின்மை என்று கருதப்படுவது பல வேளைகளில் தீராத களைப்பே. தசைகளில் சேமிக்கப்பட்டிருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து இரண்டொரு நாள் நல்ல உணவில் நிரம்பிவிடும். இழந்த உறக்கமும், நுண்ணிய தசைக்காயங்களும் சீராக அதைவிட நெடுநாள் பிடிக்கும். கைப்பிடியை மணிக்கணக்கில் அழுத்தியிருந்ததால் உள்ளங்கை வழியே செல்லும் அல்நார் நரம்பு நசுங்கி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் வாரக்கணக்கில் மரத்திருப்பது நெடுந்தொலைவு ஓட்டுபவர்களிடையே பரவலாகக் காணப்படும் தொல்லை; சட்டைப் பொத்தானைப் போடவே திணறும் விரல்களுடன் இருப்பவரிடம் அடுத்த பயணத்திற்குப் பெயர் கொடுக்கச் சொல்வது அறிவுடைமை ஆகாது. ஓய்விலும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட மிகுந்திருத்தல், களைத்தும் உறக்கம் வராமை, காரணமற்ற எரிச்சல், பசியின்மை ஆகியவை மிகைப்பயிற்சி நிலையின் அறிகுறிகள். சில வாரங்கள் ஓய்வெடுத்தும் இவை நீடித்தால் இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு முதலியன உள்ளனவா என்று மருத்துவரிடம் பார்த்துக்கொள்வதும், வண்டியில் மட்டுமன்றி உண்பதிலும் உறவுகளிலும் வேலையிலும் சுவையற்றுப்போனால் மனநல மருத்துவரை அணுகுவதும் தேவை. ஒலிம்பிக் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ், போட்டிகளுக்குப் பின் தம்மைச் சூழ்ந்த மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசியது, பெருவெற்றிக்குப் பின்னும் அந்நோய் வரக்கூடும் என்பதைப் பலருக்கு உணர்த்தியது.

ஓய்வெடுத்தால் பெற்ற வலிமை அனைத்தும் கரைந்துவிடும் என்ற அச்சம் பலரை ஓயவிடாமல் செய்கிறது. பயிற்சியை அடியோடு நிறுத்திய தேர்ந்த வீரர்களை எட்வர்ட் காய்ல் குழுவினர் ஆராய்ந்து 1984-இல் வெளியிட்ட முடிவு இங்கே கருதத்தக்கது: உடல் பயன்படுத்தவல்ல உச்ச ஆக்சிஜன் அளவு முதல் மூன்று வாரங்களில் சுமார் 7 விழுக்காடும், எட்டு வாரங்களில் சுமார் 16 விழுக்காடும் குறைந்து, அதன் பின் நிலைபெற்றது. முழுமையாக நிறுத்தியவர்களுக்கே இழப்பு இவ்வளவுதான் என்றால், மூன்று வாரம் நடையும் மெதுவான ஓட்டுதலுமாக இருப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. பயணம் முடிந்த மறுவாரமே அதைவிடப் பெரிய பயணத்திற்குப் பெயர் பதிந்துவிடு என்று நண்பர்கள் சொல்லும் அறிவுரை நல்லெண்ணத்தில் பிறப்பதுதான். ஆயினும் அது நோயைத் தள்ளிப்போடுகிறதேயன்றித் தீர்ப்பதில்லை, அடுத்த முடிவிடத்தில் அதே வெறுமை கூடுதல் களைப்புடன் காத்திருக்கும்.

இலக்கு போகும்போது அது தாங்கி நின்ற வேறு பலவும் உடன் போகின்றன. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் ஆகிய உளவியலாளர்கள் உருவாக்கிய தன்னிர்ணயக் கோட்பாடு, ஒருவரை உள்ளிருந்து இயக்குவன மூன்று என்கிறது: தானே தேர்ந்துகொண்ட செயல் என்ற உணர்வு, அதில் தேர்ச்சி பெறுகிறோம் என்ற நிறைவு, பிறரோடு பிணைந்திருக்கும் உறவு. பெரும் பயணத்திற்கான ஆயத்தம் இம்மூன்றையும் ஒருங்கே தருகிறது. ஒவ்வொரு ஞாயிறும் முந்தையதைவிடச் சற்றுக் கூடுதலாக ஓட்ட முடிகிறது. விடியற்காலையில் காத்திருக்கும் நால்வர் குழு அமைகிறது. பர்தமானுக்குச் சற்று முன்னுள்ள சக்திகரில் வண்டியை நிறுத்தி, அவ்வூரின் பேர்பெற்ற லாங்சா என்னும் நீண்ட பாகு இனிப்பைப் பகிர்ந்து உண்ணும் வழக்கம் உண்டாகிறது. 600 முடிந்ததும் அக்குழு கலைகிறது. மிதிவண்டி மீதான ஆசை போய்விட்டது என்று நினைப்பவர்களில் பலர் உண்மையில் இழந்து தவிப்பது அந்த நால்வரைத்தான். டெசி 1971-இல் வெளியிட்ட ஆய்வு மற்றோர் எச்சரிக்கையையும் தருகிறது: புதிர் விளையாட்டைத் தீர்த்ததற்குப் பணம் பெற்ற மாணவர்கள், பணம் நின்றபின் ஓய்வு நேரத்தில் அதில் முன்பைவிடக் குறைவான நாட்டமே காட்டினார்கள். பதக்கத்திற்காகவும் பட்டத்திற்காகவும் மட்டுமே ஓட்டியவர், அவை கைவந்த பின் ஓட்டுவதற்குக் காரணம் இல்லாமல் நிற்பது இதனோடு ஒத்துப்போகிறது.

இந்தச் சிக்கலுக்கு விடை தேடுவோர்க்குக் கொல்கத்தாவின் வரலாறே வளமான முன்மாதிரிகளை வைத்திருக்கிறது. இந்நகரின் டவுன் ஹாலிலிருந்து 1926 டிசம்பர் 12 அன்று பிமல் முகர்ஜி மூன்று நண்பர்களுடன் மிதிவண்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்டார். நண்பர்கள் வழியில் பிரிந்துபோக, வேலை செய்து பொருளீட்டிக்கொண்டே பயணத்தைத் தொடர்ந்து 1937-இல் ஊர் திரும்பினார். அந்தப் பயணத்தைப் பற்றிய அவரது 'து சாகாய் துனியா' என்ற வங்க நூல் 1986-இல், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் வெளிவந்தது. பத்தாண்டுப் பயணம் ஒருவரோடு எத்தனை காலம் உடன்வாழக்கூடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

இராம்நாத் பிஸ்வாஸின் வாழ்க்கை இன்னும் நெருக்கமாக நோக்கத்தக்கது. இன்று வங்கதேசத்தில் உள்ள பானியாசங் என்ற பெருங்கிராமத்தில் 1894-இல் பிறந்த இவர், 1931 ஜூலை 7 அன்று சிங்கப்பூரிலிருந்து மிதிவண்டியில் கிளம்பி மலாயா, சயாம், இந்தோசீனா, சீனா, கொரியா, ஜப்பான் வழியாகக் கனடா வரை சென்று 1934-இல் ஊர் வந்து சேர்ந்தார். அதே ஆண்டு மீண்டும் புறப்பட்டு ஆப்கானிஸ்தான், பாரசீகம், துருக்கி, ஐரோப்பிய நாடுகள் வழியாக பிரிட்டனை அடைந்தபோது உடல் மிகவும் நலிந்திருந்தது. 1936-இல் கப்பலேறித் திரும்பினார். மூன்றாம் பயணம் 1938-இல்தான் தொடங்கியது: கிழக்காப்பிரிக்காவில் இறங்கித் தென்னாப்பிரிக்கா வரை சென்று, பின்னர் அமெரிக்காவையும் கண்டு 1940-இல் திரும்பினார். நாட்டுப் பிரிவினைக்குப் பின் கொல்கத்தாவில் குடியேறி 1955-இல் அங்கேயே மறைந்தார். எழுதிய நூல்கள் முப்பதுக்கும் மேல்.

இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. முதற்பயணம் முடிந்த ஆண்டிலேயே தொடங்கிய இரண்டாம் பயணம் நோயில் முடிந்தது. இரண்டாண்டு இடைவெளி விட்டுத் தொடங்கிய மூன்றாம் பயணம் இரு கண்டங்களைத் தொட்டது. இதிலிருந்து விதி வகுத்துவிட முடியாது, எனினும் ஓய்வின் அளவைப் பற்றி ஐயுறுவோர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது. மேலும், அவர் மறுபடியும் சாலைக்கு வந்தது ஏற்கெனவே ஓட்டிய தொலைவை முறியடிப்பதற்காக அன்று. ஒவ்வொரு முறையும் காணாத நிலப்பரப்பை நாடினார், கண்டதை எழுத்தாக்கி வாசகரிடம் சேர்த்தார். தொலைவு அவருக்கு விளைவாகவே அமைந்தது. இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவதும் இதையே: தீர்ந்துபோன எண் இலக்குக்குப் பதிலாக அதைவிடப் பெரிய எண்ணை வைப்பதால் ஊக்கம் நிலைப்பதில்லை, மிதிவண்டிக்கு வேறொரு வேலை கொடுக்கும்போதே அது திரும்பி வருகிறது.

அண்மைக் காலத்திலும் இந்நகரம் ஒரு சான்றைத் தந்திருக்கிறது. கொல்கத்தாவின் சைக்கிள் ரிக்ஷாத் தொழிலாளி சத்யேன் தாஸ் 2014-இல் தம் ரிக்ஷாவையே மிதித்துக்கொண்டு லடாக்கின் கர்துங் லா கணவாய் வரை சென்றார். இந்திராணி சக்ரவர்த்தி அந்தப் பயணத்தைப் படமாக்கிய 'லடாக் சலே ரிக்ஷாவாலா' என்ற ஆவணப்படம் தேசிய விருது பெற்றது. அன்றாடம் கூலிக்கு ஓட்டும் வண்டியே மலையேறவும் உதவியது என்பதில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: பெரும் பயணமும் அன்றாட ஓட்டமும் இருவேறு உலகங்களாகப் பிரிந்திருக்க வேண்டியதில்லை.

எண்களைக் கணக்கிடுவதில் இன்பம் காண்போரும் அதைக் கைவிட வேண்டியதில்லை. முடிவிடம் இல்லாத எண்ணைத் தேர்ந்துகொண்டால் போதும். வானியலாளர் ஆர்தர் எடிங்டன் தமக்கென வகுத்துக்கொண்ட கணக்கு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஒருவர் தம் வாழ்நாளில் குறைந்தது 50 நாட்கள், நாளொன்றுக்குக் குறைந்தது 50 மைல் ஓட்டியிருந்தால் அவரது எண் 50. அதை 51 ஆக்க, 51 மைலுக்குக் குறையாத நாட்கள் 51 வேண்டும். அதாவது எண் உயர உயரப் பழைய நாட்கள் பல கணக்கிலிருந்து கழிந்துபோகும், அடுத்த படி மெல்லவே வரும். எடிங்டன் தம் எண்ணின் வளர்ச்சியை வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகருக்குக் கடிதங்களில் எழுதிவந்தார். வெண்குறு விண்மீன்களின் நிறை வரம்பு பற்றி 1935-இல் இளம் சந்திரசேகரைப் பொதுமேடையில் கடுமையாக மறுத்தவர் இவரே. அந்தக் கருத்து மோதலுக்குப் பின்னும் இருவரிடையே நட்பு நீடித்ததைச் சந்திரசேகர் பிற்காலத்தில் எடிங்டனைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளில் பதிவு செய்தார். 1938-இல் எழுதிய கடிதத்தில், தம் எண் 75-லேயே நிற்பதாகவும், ஈஸ்டர் விடுமுறையில் ஓட்டிய இரு பயணங்கள் கால் மைல் குறைந்து 74¾ மைலாக முடிந்ததால் கணக்கில் சேரவில்லை என்றும் எடிங்டன் குறைபட்டுக்கொண்டார். 1943-இல் எழுதிய கடிதத்தில் எண் 77 ஆகியிருந்தது; அப்போது அவருக்கு வயது அறுபது. ஐந்தாண்டில் இரண்டு படி. அறுபது வயதிலும் ஒருவரைப் புறப்படச் செய்த இலக்கு இப்படி மெல்ல நகர்வதாகவே இருந்தது. அமெரிக்க ரான்டனர் அமைப்பு வழங்கும் ஆர்-12 என்ற சிறப்பும் இவ்வகையினதே: தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள், மாதத்திற்கு ஒருமுறையேனும் 200 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். உச்சத்தை ஒரே வார இறுதியில் குவிக்காமல் ஆண்டு முழுவதும் பரப்பிவைக்கும் ஏற்பாடு அது.

மீண்டும் தொடங்குபவருக்குக் கொல்கத்தாவின் அண்மைப்பகுதிகள் வாய்ப்பானவை. ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் சுமார் ஐம்பது கிலோமீட்டருக்குள் டேனியரின் ஸ்ரீராம்பூர், பிரெஞ்சுக்காரரின் சந்தன்நகர், டச்சுக்காரரின் சின்சுரா, போர்த்துகீசியரின் பண்டேல் ஆகியவை ஒன்றையடுத்து ஒன்றாக வருகின்றன. டேனியர் 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்ற குடியேற்றங்களில் ஸ்ரீராம்பூர் ஒன்று, நம் தரங்கம்பாடி மற்றொன்று என்பதை அறிந்து செல்லும் தமிழருக்கு அந்த ஆற்றங்கரை அந்நியமாகத் தோன்றாது. பாரக்பூர் படித்துறையில் மிதிவண்டியைப் படகிலேற்றி எதிர்க்கரையில் இறங்கலாம். மண்குவளைத் தேநீருக்கு எத்தனை முறை நின்றாலும் கேட்பாரில்லை. தொலைவையும் வேகத்தையும் காட்டும் கருவியை முதல் சில வாரங்களுக்கு வீட்டிலேயே விட்டுச் செல்வது நலம். முந்தைய வேகத்தோடு ஒப்பிட்டு மனம் தளர்வதற்கு அதுவே முதற்காரணமாகிறது.

பயணம் முடித்தவர் அடுத்த பருவத்தில் கட்டுப்பாட்டு நிலையத் தொண்டராவது பெரிதும் பரிந்துரைக்கத்தக்கது. நள்ளிரவில் நெடுஞ்சாலையோர உணவகத்தில் அமர்ந்து, வருபவரின் அட்டையில் நேரம் குறித்து, பின்விளக்கு மங்கியிருப்பதைச் சொல்லி, அழும் நிலையில் நிற்பவரை அமரவைத்துச் சோறும் பருப்பும் உண்ணச் செய்பவருக்கு, கலைந்துபோன குழுவின் உறவு வேறு வடிவில் கிடைக்கிறது. தாம் கற்றது பிறருக்குப் பயன்படுவதும் தேர்ச்சியின் நிறைவே.

அதைவிடப் பரந்த பணியொன்றும் இந்நகரில் காத்திருக்கிறது. 2013-இல் கொல்கத்தாவின் 174 சாலைகளில் மிதிவண்டி தடைசெய்யப்பட்டது. எதிர்ப்புக்குப் பின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது, 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. இத்தடையால் தண்டம் கட்டியவர்கள் பால்காரர்களும், செய்தித்தாள் போடுபவர்களும், கட்டட வேலைக்குச் செல்பவர்களும்; விலையுயர்ந்த வண்டியில் ஞாயிறு விடியலில் ஓட்டுபவரின் குரலுக்குக் கிடைக்கும் செவி அவர்களுக்குக் கிடைப்பதில்லை. நெடுந்தொலைவு ஓட்டுபவர்கள் நகரச் சாலையில் மிதிவண்டிக்கு இடம் கேட்கும் முயற்சிகளில் இணைவதும், வாரத்தில் இரு நாளேனும் வேலைக்கே மிதிவண்டியில் செல்வதும், அவர்களது விளையாட்டை அந்த உழைப்பாளிகளின் அன்றாடத்தோடு பிணைக்கின்றன.

இவ்வளவுக்குப் பின்னும் நெடுந்தொலைவில் நாட்டம் திரும்பாதவர்கள் இருப்பார்கள். ஒரு முறை செய்து பார்த்தது போதும் என்று நிறுத்திக்கொள்வது முற்றிலும் மதிக்கத்தக்க முடிவு. திரும்புபவர்களில் பலருடைய கண் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் மீது இருக்கும். 1891-இல் பந்தயமாகத் தொடங்கி, இன்று நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெறும் இந்த 1,200 கிலோமீட்டர் பயணத்தை 90 மணி நேரத்திற்குள் முடிக்க வேண்டும். 2023-க்கு அடுத்து அது 2027 ஆகஸ்டில் வருகிறது. அதற்குத் தகுதிபெற 200, 300, 400, 600 ஆகிய நான்கையும் அதே பருவத்தில் ஓட்டியாக வேண்டும் என்பதால், அதற்கு முன் எத்தனை முறை சூப்பர் ரான்டனர் ஆனவரும் மறுபடி 200-இலிருந்தே தொடங்குகிறார்.